படியிறங்கினால் ஊர்: அமெரிக்கப் பெருநகரங்கள் பற்றி ஒரு ரங்கூன்வாசியின் மதிப்புரை

2019 மார்ச் தொடக்கத்தில் நானும் என் அம்மாவும் ரங்கூனிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் கடைசி வரை அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தோம். சிகாகோவில் அண்ணன் வீட்டில் ஏழு வாரம், நியூயார்க்கில் அக்கா மகள் வீட்டில் பத்து வாரம், சான் பிரான்சிஸ்கோவில் என் பள்ளித் தோழன் வீட்டில் மூன்று வாரம், லாஸ் ஏஞ்சலஸ் புறநகர் ஒன்றில் சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்கினோம். இடையில் பிலடெல்பியா, பாஸ்டன், வாஷிங்டன் ஆகிய ஊர்களில் சில நாட்கள் கழிந்தன. திரும்பி வந்ததிலிருந்து, பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கும் ரங்கூன் தமிழர்களாகிய நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் எந்த ஊரில் குடியேறினால் நல்லது, நாளைக்கு நாமும் போய் இருக்கும்படியான ஊர் எது? அதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்னுடைய அளவுகோல் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு அப்போது 74 வயது. தமிழும் பர்மிய மொழியும் சரளமாகப் பேசுவார். ஆங்கிலத்தில் எண்களை மட்டும் படிப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் வீடு ரங்கூன் டவுனில், எண்ணால் அழைக்கப்படும் தெருக்களில் ஒன்றில், நான்காவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. ஆனால் மாடியிலிருந்து ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்குகிறது. அதன் நுனியில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. பத்திரிகை போடுகிறவர் கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கீரைக்காரம்மா குரல் கேட்டால் அம்மா பையில் பணத்தை வைத்து இறக்குவார், கீரை மேலே ஏறி வரும். கீழே இறங்கினால் தேநீர்க்கடை, இரண்டு தெரு தள்ளினால் காய்கறிச் சந்தை, 1871இல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயிலுக்குப் பத்து நிமிட நடை. மின்வெட்டும் உடைந்த நடைபாதையும் சாக்கடை நாற்றமும் சேர்ந்ததுதான் இந்த வாழ்க்கை என்பதை நான் மறைக்கவில்லை. இருந்தாலும், யாருடைய தயவையும் எதிர்பாராமல் ஒரு முதியவள் தன் பகல் பொழுதைத் தானே நடத்திக்கொள்ள இந்த ஊர் இடம் கொடுக்கிறது. பிள்ளை அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திராமல் அம்மா தனியாகப் படியிறங்கி, காய் வாங்கி, நாலு பேரைப் பார்த்து, உட்கார ஓர் இடத்தில் உட்கார்ந்து, வழி தவறாமல் வீடு திரும்ப முடிகிறதா என்பதைத்தான் நான் ஒவ்வோர் ஊரிலும் பார்த்தேன். சம்பளம், வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம் ஆகியவற்றை எடைபோடுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவுகோலின்படி நியூயார்க் முதலிடம். அதை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த ஊர் அம்மாவை மிரட்டிவிடும் என்றுதான் பயந்தேன். அக்கா மகள் குடியிருப்பது குவீன்ஸ் பகுதியில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸில், 37ஆவது அவென்யூவில் ஆறு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில். அங்கிருந்து 74ஆவது தெருவுக்கு நாலு நிமிட நடை. அந்தத் தெருவில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் இட்லி அரிசியும் சேலைக்கடையும் நகைக்கடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. முதல் வாரத்தில் நான் கூடவே போனேன். இரண்டாம் வாரத்தில் அம்மா தனியாகப் போகத் தொடங்கினார்.

தெருக்கள் எண்ணால் அழைக்கப்படுவது அவருக்குப் பெரிய துணையாக இருந்தது. ரங்கூன் டவுனில் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகத் தெரு எண் கூடிக்கொண்டே போகும். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று தெரிந்தால் வீடு எந்தப் பக்கம் என்பது தானாகவே விளங்கிவிடும். அந்தப் பழக்கம் மன்ஹாட்டனில் அப்படியே கைகொடுத்தது. 1811இல் வகுத்த திட்டத்தின்படி அங்கே தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன, எண் வடக்கு நோக்கி ஏறுகிறது; ஏறக்குறைய இருபது தெரு கடந்தால் ஒரு மைல் நடந்திருப்போம். ஆனால் குவீன்ஸில் ஒரு சிக்கல் உண்டு. 37ஆவது அவென்யூ என்று ஒன்று, 37ஆவது ரோடு என்று வேறொன்று, இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. எண்ணை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருநாள் அம்மா வீட்டுக்குத் திரும்பாமல் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நான் பதறிக்கொண்டு தேடிப் போனபோது, 37 என்று எழுதிய கம்பத்தின் கீழே பையை வைத்துக்கொண்டு, "நம்பர் சரியாத்தான் இருக்கு, தம்பி, கட்டடத்தைத்தான் காணோம்" என்றார். அன்றிரவே அக்கா மகள் ஒரு அட்டையில் அவென்யூ என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அதன்பிறகு பத்து வாரம் முடியும்வரை அம்மா வழி தவறவில்லை.

வழி தவறிய இடத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த இடமும் இருந்தது. 37ஆவது ரோட்டில் 73ஆவது தெருவுக்கும் 74ஆவது தெருவுக்கும் இடையிலான துண்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நாற்காலிகளைப் போட்டு மக்கள் உட்காரும் முற்றமாக மாற்றியிருக்கிறார்கள். டைவர்சிட்டி பிளாசா என்பது அதன் பெயர். வங்காளிகளும் நேபாளிகளும் திபெத்தியர்களும் பஞ்சாபிகளும் அங்கே மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு அங்கே ஒரு நேபாளி மூதாட்டி பழக்கமானார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் கிடையாது. ஆனாலும் ஒருவர் வராத நாளில் மற்றவர் வருத்தப்படும் அளவுக்கு அந்தப் பழக்கம் வளர்ந்தது. ஒரு தெருத்துண்டை வண்டிகளிடமிருந்து மீட்டு, சில நாற்காலிகளைப் போட்டதற்குக் கிடைத்த பலன் இது. நகராட்சி வேலைகளில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நன்மை தருவது வேறெதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுரங்க ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1904இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு 472 நிலையங்கள். இரவு பகல் எந்நேரமும் வண்டி உண்டு. நாங்கள் இருந்தபோது எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 2.75 டாலர்தான், 65 வயது நிறைந்தவர்களுக்கு அதில் பாதி. இப்போது கட்டணம் கூடியிருக்கிறது. அக்கா மகளின் கணவர் மருத்துவமனையில் இரவுப் பணி செய்கிறவர். அதிகாலை மூன்று மணிக்கும் ரயிலேறி வீட்டுக்கு வருவார். அந்த ஊரில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கார் கிடையாது என்றால் அதற்குக் காரணம் இந்த ரயில்தான். கார் இல்லாதவர் அங்கே ஏழை என்றோ கையாலாகாதவர் என்றோ கருதப்படுவதில்லை. வழக்கறிஞரும் தச்சரும் ஒரே பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அமெரிக்காவின் மற்ற ஊர்களில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களின் முகத்தில் நான் கண்ட ஒருவிதக் கூச்சம் நியூயார்க்கில் இல்லை.

கோயிலுக்கும் ரயிலிலேயே போகலாம். ஃபிளஷிங்கில் பவுன் தெருவில் உள்ள பிள்ளையார் கோயில் 1977இல் குடமுழுக்கு கண்டது. நாங்கள் 74ஆவது தெருவிலிருந்து 7ஆம் எண் ரயிலேறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, சீனர்களின் கடைத்தெரு வழியாக இருபது நிமிடம் நடந்து போவோம். அங்கே கீழ்த்தளத்தில் உள்ள உணவகத்தில் தோசையும் பொங்கலும் கிடைக்கும். கோயில் மணியோசைக்குக் கார் இல்லாமலே போய்ச் சேரக்கூடிய இன்னொரு பெருநகரத்தை நான் அமெரிக்காவில் பார்க்கவில்லை. சிகாகோ வட்டாரத்துப் பெரிய கோயில்கள் லெமான்ட், அரோரா போன்ற புறநகர்களில் இருக்கின்றன. அங்கே போக அண்ணனின் விடுமுறை நாளுக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்ப் பழகிய ஒருவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

நியூயார்க்கின் குறைகள் கனமானவை. வாடகை மிக அதிகம். அக்கா மகள் குடும்பம் நாலு பேர். இரண்டு அறையில் இருந்தார்கள், நாங்கள் போனதும் ஆறு பேர் ஆனோம். பல கட்டடங்களைப் போல அந்த வீட்டிலும் துணி துவைக்கும் இயந்திரம் வைக்க அனுமதி இல்லை. துணி மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். ரயில் நிலையங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றில்தான் அப்போது மின்தூக்கி இருந்தது என்பது முழங்கால் வலியுள்ளவர்களுக்குக் கடுமையான செய்தி. எங்கே போவதென்றாலும் முதலில் அந்த நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்பினோம். கட்டணம் இல்லாத கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை. குப்பையும் அப்படித்தான். மன்ஹாட்டன் திட்டத்தில் வீடுகளுக்குப் பின்னால் சந்து என்பதே அநேகமாகக் கிடையாது. அதனால் குப்பைப் பைகள் மாலையானால் நடைபாதையில் மலையாகக் குவிந்திருக்கும், கோடையில் அதன் வாடை நெடுந்தூரம் வரும்.

இந்த ஒரு விஷயத்தில் சிகாகோ எவ்வளவோ மேல். அங்கே வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் சந்து விட்டுத்தான் ஊரையே கட்டியிருக்கிறார்கள். குப்பைத்தொட்டி, கார்க் கொட்டகை, மின்கம்பம் எல்லாம் பின்சந்தில்; முன்தெருவில் மரமும் புல்லும் நடைபாதையும் மட்டும். ரங்கூன் டவுனிலும் இரண்டு தெருக்களுக்கு நடுவே பின்சந்து உண்டு என்பதை நம்மவர்கள் அறிவார்கள். அந்தச் சந்துகளில் நாம் மேலேயிருந்து வீசிய குப்பை எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்பதும், சமீப காலத்தில் அவற்றில் சிலவற்றைச் சுத்தம் செய்து, சுவரில் சித்திரம் எழுதி, செடி வைத்துப் பிள்ளைகள் விளையாடும் இடமாக்கியதும் நாம் கண்ணால் கண்டவை. அண்ணன் வீட்டுப் பின்பக்கத்து மரப்படிக்கட்டில் நின்று அந்தச் சந்தை முதல்முறை பார்த்தபோது, நம் ஊர்ப் பின்சந்துகளும் எதற்காக விடப்பட்டவை என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது.

அண்ணன் இருப்பது ஊரின் வடகோடியில், டெவன் அவென்யூவுக்கு அருகில். சிகாகோவின் முகவரி முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடம்தான் சுழியம். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் பெரும்பாலும் மைலுக்கு 800 என்று எண் ஏறும். டெவன் என்பது வடக்கு 6400. அப்படியானால் ஊர் நடுவிலிருந்து எட்டு மைல். முகவரியைக் கேட்ட மாத்திரத்தில் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதை அண்ணன் ஒருமுறை விளக்கியதும், அதன்பிறகு அம்மா யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் முதலில் எண்ணைத்தான் கேட்பார்.

டெவனில் நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அது மட்டுமல்ல, ஒருநாள் அங்கே ஒரு மளிகைக்கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பர்மிய மொழி காதில் விழுந்தது. மியான்மரின் மேற்கே உள்ள ரக்கைனிலிருந்து அகதிகளாக வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தில்தான் குடியேறியிருக்கின்றன. அம்மா அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று தொடங்கிய பேச்சு, நப்பி என்னும் பர்மிய மீன் விழுது எங்கே கிடைக்கும் என்பதில் போய் முடிந்தது. ரங்கூனில் இருந்திருந்தால் அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசியிருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாயிரம் மைல்களுக்கும் அப்பால், அரிசிக் கடையில் நின்று, அக்கா தங்கை போலப் பேசிக்கொண்டார்கள்.

சிகாகோவின் பெரிய செல்வம் மிச்சிகன் ஏரிதான். அக்கரை தெரியாது, அலை அடிக்கும், மணற்கரை இருக்கும். அம்மா அதைக் கடலென்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏரிக்கரை பொதுமக்களுக்கே என்று 1909ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் டேனியல் பர்னம் வற்புறுத்தினார். அதன் பயனாக இன்றும் கரையின் பெரும்பகுதி தனியார் கைக்குப் போகாமல் இருக்கிறது. கரையோரமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை ஓடுகிறது. காசு கொடுக்காமல், சீட்டு வாங்காமல், யாரும் யாரையும் விரட்டாமல் எந்த வகுப்பு மனிதரும் போய் உட்காரலாம். ரங்கூனின் கண்டவ்ஜி ஏரிக்கரையில் உணவகங்களும் நுழைவுக் கட்டணமும் கரையை எவ்வளவு மறைத்துவிட்டன என்று நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

குளிரைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2019 ஜனவரி 30 அன்று, அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியஸையும் தாண்டி இறங்கியிருந்தது. நாங்கள் போன மார்ச்சிலும் பனி கிடந்தது. சிகாகோவின் ரயில் பல இடங்களில் தெருவுக்கு மேலே தூண்களில் ஓடுவது. நடைமேடை திறந்த வெளியில் இருக்கும், ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். ஆனால் ஒவ்வொரு நடைமேடையிலும் ஒரு கூரைக்கு அடியில் சூடேற்றும் விளக்குகளை வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள பொத்தானை அழுத்தினால் தலைக்கு மேலே கம்பிகள் சிவந்து பழுக்கும். சில நிமிடம் கழித்துத் தானே அணைந்துவிடும், மறுபடி யாராவது அழுத்த வேண்டும். அந்த விளக்கின் கீழே முன்பின் தெரியாத பத்துப் பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவைக் கண்டால் நடுவில் இடம் விட்டு நகர்வார்கள். குளிர் காலத்தில் சிகாகோவாசிகளின் மனம் எப்படிப்பட்டது என்பதை நான் அந்த விளக்குக்கடியில்தான் தெரிந்துகொண்டேன்.

நடக்க முடியாத நாட்களில் அம்மாவுக்குப் புகலிடம் நூலகம். வீட்டிலிருந்து பேருந்தில் பத்து நிமிடத்தில் கிளை நூலகம் ஒன்று இருந்தது. கதகதப்பாக, வெளிச்சமாக, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்காத இடம். படங்கள் நிறைந்த தோட்டக்கலைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பார். நாங்கள் திரும்பிய பிறகு, அதே ஆண்டு அக்டோபரில், புத்தகத்தைத் தாமதமாகத் திருப்புவதற்கான அபராதத்தைச் சிகாகோ நூலகங்கள் அடியோடு நீக்கிவிட்டன என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது அம்மா மகிழ்ந்தார்.

வாடகை நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும்விடச் சிகாகோவில் கணிசமாகக் குறைவு. அண்ணனுக்கு அதே சம்பளத்தில் மூன்று அறை வீடு கிடைத்திருந்தது. துப்பாக்கிச் செய்திகள் உண்மைதான். ஆனால் அந்த ஊரின் ஒரு வட்டாரத்துக்கும் இன்னொரு வட்டாரத்துக்கும் இதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. வீடு பார்க்கும் முன் அங்கேயே ஐந்தாறு ஆண்டு வாழ்ந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கட்டாயம். குளிரைத் தாங்கும் உடம்பும் கோயிலுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும் என்ற மனமும் உள்ளவர்களுக்கு நான் சிகாகோவையே முதலிடத்தில் வைப்பேன்.

சான் பிரான்சிஸ்கோ கண்ணுக்கு மிக அழகான ஊர். ஏழு மைலுக்கு ஏழு மைல் என்று கையளவுதான். எந்த மேட்டில் ஏறினாலும் ஒரு பக்கம் தண்ணீர் தெரியும். ஆனால் அந்த மேடுகள்தான் அம்மாவுக்கு எதிரி. 1873இல் அங்கே கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டி பிறந்ததற்குக் காரணமே, குதிரைகளால் அந்த ஏற்றங்களில் வண்டி இழுக்க முடியவில்லை என்பதுதான். நாங்கள் போனது ஜூலையில். கோடை என்று நம்பிப் போனவர்கள் மூடுபனியில் கம்பளிச் சட்டை தேடினோம். தோழன் வீடு இருந்த ரிச்மண்ட் பகுதி நல்ல வேளையாகச் சமதளம். கிளெமென்ட் தெருவில் சீனர்களின் காய்கறிக் கடைகளும் பர்மிய உணவகங்களும் இருக்கின்றன. அங்கே ஓர் உணவகத்தின் வாசலில் அமெரிக்கர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்; எதற்கென்று பார்த்தால், லப்பெ தோ சாப்பிடுவதற்கு. ஊறிய தேயிலை, வறுத்த பயறு, வேர்க்கடலை, எள், எலுமிச்சை எல்லாவற்றையும் தனித்தனிக் குவியலாகத் தட்டில் கொண்டுவந்து, நம் கண் முன்னாலேயே கிளறித் தருகிறார்கள். நம் வீட்டுத் திண்பண்டத்துக்கு அங்கே கிடைத்த மரியாதையைப் பார்த்து அம்மாவின் கண் கலங்கியதை நான் கவனித்தேன்.

சைனா டவுனின் ஸ்டாக்டன் தெருவில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தால், இளஞ்சிவப்புப் பைகளைத் தூக்கிக்கொண்டு எண்பது வயதுப் பாட்டிமார்கள் பேருந்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. முதுமையில் யாருக்கும் பாரமில்லாமல் வாழ்வதற்கு ஒரு தெரு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் அந்தத் தெரு செய்கிறது. ரங்கூனில் சீனர்கள் வாழும் நம் லாத்தா பகுதிச் சந்தையை அம்மா அங்கே கண்டார். ஆனாலும் இந்த ஊரை நான் மூன்றாவதாகவே வைக்கிறேன். தோழன் கொடுத்த வாடகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது; மென்பொருள் வேலையில் இருவர் சம்பாதித்தால்தான் கட்டுப்படியாகும். ஊர் நடுவில் நடைபாதையில் கூடாரம் அடித்துப் படுத்திருக்கும் மனிதர்களைத் தாண்டித் தாண்டி நடப்பது மனதை மிகவும் வருத்தியது. அவ்வளவு செல்வமுள்ள ஊரில் அவ்வளவு பேர் வீடில்லாமல் இருப்பதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை.

பாஸ்டனும் வாஷிங்டனும் சில நாள் பார்வைதான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பாஸ்டன் நடப்பதற்கு இனிய ஊர். அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் 1897இல் அங்கேதான் ஓடியது. ஆனால் தெருக்கள் ஆற்றைப் போல வளைந்து வளைந்து போவதால், எண்ணை நம்பி வாழ்ந்தவருக்கு அங்கே பிடிமானம் இல்லை, வாடகையும் மலிவில்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது, ரயில் நிலையங்கள் சுத்தம், 1910ஆம் ஆண்டுச் சட்டம் உயரத்தைக் கட்டுப்படுத்தியதால் வானம் தாராளமாகத் தெரியும். ஆனால் நாங்கள் தங்கிய அலுவலகப் பகுதி மாலை ஆறு மணிக்கு மேல் வெறிச்சோடிவிட்டது.

பிலடெல்பியாவைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 1682இல் வில்லியம் பென் வகுத்த கட்டத் திட்டம். வடக்கு தெற்காக ஓடும் தெருக்களுக்கு எண்கள், குறுக்கே ஓடும் தெருக்களில் பலவற்றுக்கு மரங்களின் பெயர்கள். ரங்கூன் டவுனின் அமைப்புக்கு மிகவும் நெருக்கமானது மன்ஹாட்டன் அல்ல, இதுதான் என்று அங்கே போன பிறகு கண்டுகொண்டேன். குறுகலான தெருக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், தெருவில் நேராக இறங்கும் நாலு படிகள். மாலையானால் மக்கள் அந்தப் படியில் உட்கார்ந்து எதிர்வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பழைய ரயில் கொட்டகையின் கீழே இயங்கும் ரெடிங் டெர்மினல் சந்தையில் மீனும் காயும் ரொட்டியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. நியூயார்க்குக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், வாடகையோ அதைவிட வெகு குறைவு. நான்கு நாள் மட்டுமே இருந்தேன் என்பதால் இதற்கு இடம் குறிக்க எனக்குத் துணிவில்லை. இளவயதில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் இந்த ஊரில்தான் வீடு தேடியிருப்பேன்.

கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ். சித்தப்பா மகன் எங்களை வைத்துக்கொண்ட அன்புக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் இதை எழுதும்போது தயக்கம் இருக்கிறது. வீடு பெரியது. தோட்டத்தில் எலுமிச்சை மரமும் கருவேப்பிலைச் செடியும் இருந்தன. வானிலை நாள்தோறும் திருநாள் போல இருந்தது. பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு. ஆனால் அருகிலுள்ள கடை இரண்டரை கிலோமீட்டர் தூரம். ஒருநாள் காலையில் நானும் அம்மாவும் நடந்தே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம். ஆறு வரிசை வண்டி ஓடும் சாலையை ஒட்டி நடந்தோம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கால்வாசி தூரத்தில் நடைபாதையே முடிந்துபோய், புல்லில் நடக்க வேண்டியதாயிற்று. எதிரில் ஒரு மனிதரைக்கூடச் சந்திக்கவில்லை. ஒரு கார் எங்கள் பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்த அம்மையார், வண்டி ஏதாவது பழுதாகிவிட்டதா, உதவி வேண்டுமா என்று அன்போடு கேட்டார். ஒருவர் வேண்டுமென்றே நடந்து போகக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அத்துடன் திரும்பிவிட்டோம். மீதி நாட்களில் அம்மா தனியாக ஒருமுறைகூட வாசலைத் தாண்டவில்லை. ஒரு மாலை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஊரு எங்க இருக்கு?"

அந்த ஊர் எப்போதுமே அப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தண்டவாளத்தில் சிவப்பு நிற மின்சார வண்டிகள் அந்த வட்டாரம் முழுவதும் ஓடியிருக்கின்றன. கடைசித் தடம் 1961இல் நின்றது. 1990இலிருந்து மறுபடியும் ரயில் பாதைகளைப் போட்டு வருகிறார்கள், அது நல்ல தொடக்கம்தான். ஊர் நடுவில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு வீட்டில் தங்கியிருந்தால் என் கருத்து ஓரளவு மாறியிருக்கக்கூடும். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் போய்க் குடியேறுவது அத்தகைய புறநகர்களில்தான் என்பதால், அங்கே கண்டதையே நான் கணக்கில் எடுக்கிறேன். ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் வாழ்க்கையும் இதே மாதிரிதான்.

சென்ற ஆண்டு அக்கா மகள் நியூ ஜெர்சியில் தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, படங்களை எங்களுக்கு அனுப்பியிருந்தாள். அம்மா ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். சமையலறை நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தொலைபேசியை வாங்கி, படியிறங்கினால் காய்கறிக் கடைக்கு எத்தனை நிமிடம், உட்கார எங்காவது நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று இரண்டே கேள்விகள் கேட்டார். அக்கா மகள் அந்த வீட்டை எடுக்கவில்லை. அதே 37ஆவது அவென்யூவில், இரண்டு கட்டடம் தள்ளி, ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாறியிருக்கிறாள். அம்மா அந்தச் சிவப்பு மை அட்டையை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்.